“எனக்குப் பஞ்சியாக் கிடக்கு”

(எமது கல்லூரியின் நூற்றாண்டை முன்னிட்டுப் பழைய மாணவியர் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நான் ஏறிய நாட்கள் எல்லாம் பரிசளிப்பு விழா நாட்கள். ஏறுவது, பிரதம விருந்தினரிடம் புத்தகத்தை வாங்குவது, கும்பிட்டுவிட்டு இறங்குவது. அந்தக் காலத்தில் என்னைப் பேசச் சொல்லி யாரும் கேட்டதில்லை. இன்று இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். “பிள்ளைகள் ஊக்கமாப் படிக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கோ” என்பது செயலாளர் அக்காவின் வேண்டுகோள். நான் பொது மருத்துவ நிபுணர், உளவியலாளர் அல்ல. ஆனால் முயற்சி, ஊக்கம், சோம்பல் என்பவை எல்லாம் வாரத்தில் மூன்று நாள் என்னுடைய கிளினிக் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகின்றன. அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து பேசுகிறேன். அக்கா எதிர்பார்த்த பேச்சாக இது இராது என்று நினைக்கிறேன். கோபிக்கக்கூடாது.

ஒரு சொல்லோடு தொடங்குகிறேன். எங்கள் ஊரில் “பஞ்சி” என்கிறோம். தமிழ்நாட்டு நண்பர்களிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் பஞ்சைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைக்கிறார்கள். “எனக்குப் பஞ்சியாக் கிடக்கு” என்று நாங்கள் சொல்கிற விதத்தைக் கவனியுங்கள். எனக்குப் பசிக்குது, எனக்குக் குளிருது என்பது போலத்தான் அதுவும். அது வந்து போகிற ஒரு நிலை, ஆளின் குணம் அல்ல. ஆனால் அடுத்தவரைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெருந்தன்மை எங்களுக்கு இருப்பதில்லை. “உவள் சரியான பஞ்சி பிடிச்சவள்” என்றோ “சோம்பேறி” என்றோ முடித்துவிடுகிறோம். தனக்கு வந்தால் நிலை, மற்றவருக்கு வந்தால் குணம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அம்மா தன் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். (ஆளை அடையாளம் காணமுடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவருக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுக்கத்துக்கு ஏற்கெனவே மருந்து எடுக்கிறார், நடையும் பரவாயில்லை. அம்மாவின் முறைப்பாடு வேறு. “டொக்டர், இந்த மனிசன் ஒரு வேலையும் செய்யிறேல்லை. கதிரையில ஏறி இருந்தால் இருந்ததுதான். சாப்பாட்டைக் கொண்டுவந்து முன்னால வைச்சால் ருசிச்சுச் சாப்பிடுவார். குசினிக்குள்ள எழும்பிப் போய் எடுத்துச் சாப்பிடமாட்டார். நாற்பது வருசம் வெங்காயத் தோட்டம் செய்த ஆள். வேணுமெண்டு என்னைப் போட்டு மாட்டுறார்.” நான் அவரைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் வெட்கத்தோடு, “பஞ்சியாக் கிடக்குப் பிள்ளை” என்றார். சிரித்தபடி “கொஞ்சம் முயற்சி எடுங்கோ ஐயா, தினமும் நடவுங்கோ” என்று எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்த கிளினிக்குக்கு வரும்போது அம்மா மெலிந்துபோயிருந்தார். வீட்டில் பெரிய சண்டை நடந்திருக்கிறது. “டொக்டரே உங்களுக்கு முயற்சி இல்லையெண்டு சொல்லிப்போட்டா” என்பது அந்தச் சண்டையில் அவர் எடுத்த ஆயுதம்.

அன்றிரவு வீட்டுக்குப் போய், படித்து மறந்த பக்கங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

டோபமின் என்ற பெயரை இன்று எல்லோரும் அறிவீர்கள். தொலைபேசியைத் தடவினால் டோபமின், சொக்லேட் தின்றால் டோபமின் என்று, அதை மூளைக்குள் இருக்கும் ஒரு சந்தோச ஊற்றுப் போலச் சொல்கிறார்கள். உண்மை அதைவிடச் சிக்கலானது. அமெரிக்காவில் ஜோன் சலமோன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1990களில் எலிகளை வைத்துச் செய்த பரிசோதனை ஒன்று இருக்கிறது. இரண்டாகப் பிரியும் ஒரு பாதை. ஒரு கிளையின் முடிவில் நான்கு உணவுக் குளிசைகள், மற்றதில் இரண்டு. நான்கு இருக்கிற கிளையில் 44 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு தடுப்பு. சாதாரண எலி தடுப்பில் ஏறிக் குதித்து நான்கையும் எடுக்கும். மூளையின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் டோபமினைக் குறைத்துவிட்ட எலி, தடுப்பில்லாத பக்கம் போய் இரண்டோடு திருப்திப்படும்.

அதற்குப் பசியில்லையா? பசி இருக்கிறது, கொடுத்ததைச் சாப்பிடுகிறது. தடுப்பை எடுத்துவிட்டால் முன்னைப் போலவே நான்கு இருக்கிற பக்கம் போகிறது, ஆகவே எது அதிகம் என்றும் அதற்குத் தெரிகிறது. ஏற முடியாதா? மற்றக் கிளையில் ஒன்றுமே வைக்காவிட்டால் அதே எலி அதே தடுப்பில் ஏறுகிறது. விருப்பமும் இருக்கிறது, வலுவும் இருக்கிறது. கெட்டுப்போனது இரண்டையும் இணைக்கிற கணக்கு. “இவ்வளவு பாடுபட்டு இதை எடுப்பது பெறுமதியா?” என்ற கேள்விக்கு அந்த மூளை திரும்பத் திரும்ப “இல்லை” என்று விடை சொல்கிறது.

அந்த ஐயா முன்னால் வைத்ததை ருசித்துச் சாப்பிட்டவர். குசினிக்குள் போகாதவர். நான் அந்த எலியைப் பற்றிப் பரீட்சைக்குப் படித்திருந்தும், மனிதர் வடிவில் எதிரே வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. பார்க்கின்சன் நோயில் அழிவது டோபமினைச் சுரக்கும் கலங்கள்தான். அந்த நோயாளரில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு இப்படியான நாட்டமிழப்பு வருகிறது. நடுக்கத்தைப் போல அதுவும் நோயின் ஒரு பகுதி. அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப இவர் என்னோட கோவமில்லையோ?” என்று கேட்டார். மருந்தில் சிறு மாற்றம் செய்தோம், அது ஓரளவுக்கு உதவியது. அதைவிட உதவியது, “எழும்புங்கோ” என்று தூரத்திலிருந்து கத்துவதை விட்டு, அம்மா வாளியைக் கொண்டுபோய் அவருடைய கையில் கொடுத்து, முதல் கத்தரிக்கு இருவருமாகத் தண்ணீர் ஊற்றியது. தொடங்கிவிட்டால் மற்றக் கன்றுகளுக்கு அவரே ஊற்றிவிடுவாராம்.

நோயில்லாதவர்களும் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மைக்கல் ட்ரெட்வே என்பவர் அமைத்த பரிசோதனை ஒன்றைப் பின்வரிசைப் பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கலாம். வலதுகைப் பழக்கமுள்ளவர் என்றால், வலதுகைச் சுட்டுவிரலால் 7 செக்கனில் 30 தடவை பொத்தானை அழுத்துவது இலேசான வேலை, அதற்குச் சிறிய தொகை. இடதுகைச் சின்னிவிரலால் 21 செக்கனில் 100 தடவை அழுத்துவது கடினமான வேலை, அதற்குப் பெரிய தொகை. எது வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். மனச்சோர்வு நோய் உள்ளவர்கள் கடினமானதைத் தெரிவது குறைவாக இருந்தது. மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டிருப்பது என்று நாங்கள் நினைக்கிறோம். பல பிள்ளைகளிடம் அது “பஞ்சி” என்ற உருவத்தில்தான் வருகிறது. தலை இழுக்காமல், கொப்பிக்கு உறை போடாமல், ஒன்றிலும் சேராமல் இருப்பாள். அறிக்கையில் “அக்கறை போதாது” என்று எழுதப்படும்.

உடம்பும் இந்தக் கணக்கில் சேரும். இரும்புச்சத்துக் குறைந்த இரத்தத்தோடு மாடிப்படி ஏறுகிற பிள்ளைக்கு அந்தப் படி உண்மையிலேயே உயரம் கூடியது. தைரோயிட் சுரப்புக் குறைந்தவருக்கும் அப்படித்தான். பதின்மூன்று வயதிலிருந்து பதினெட்டு வரையான பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணிநேர நித்திரை வேண்டும். விடியவே ரியூசன், பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் இன்னொரு ரியூசன் என்று ஓடுகிற பிள்ளைக்கு அது எந்த மணிக்கூட்டில் கிடைக்கப்போகிறது?

இந்த இடத்தில் எனக்கு ஒருத்தியின் ஞாபகம் வருகிறது. 1994 இல் நான் பத்தாம் ஆண்டு வகுப்புத் தலைவி. மூன்றாம் வாங்கில் ஒரு பிள்ளை இருந்தாள். இரண்டாம் பாடம் தொடங்கக் கண் செருகிவிடும். கரும்பலகையின் மூலையில் குழப்படி செய்பவர்களின் பெயரை எழுதுவது என்னுடைய வேலை. அதற்குக் கீழே “நித்திரை” என்று ஒரு கோடு இழுத்து அவளுடைய பெயரை எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை, அது என்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. வகுப்பு சிரித்தது. எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு தவணை முழுக்க எழுதினேன். அவள் ஒருநாளும் அதை அழிக்கவில்லை.

ஏன் நித்திரை கொள்கிறாய் என்று நான் கேட்கவேயில்லை. இன்று கிளினிக்கில் அவளைக் கண்டால் கீழிமையை இழுத்துப் பார்ப்பேன், ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்வேன், எத்தனை மணிக்கு எழும்புகிறாய், காலையில் என்ன சாப்பிட்டாய், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பேன். இரண்டு நிமிடம் போதும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே வீதிக்கு இறங்கியது உங்களில் பலருக்குத் தெரியும். அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது மூன்றாம் வாங்கில் அவள் இல்லை.

“நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்து வந்தவர்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் இருந்தும் முயற்சியில்லை” என்று இந்த மண்டபத்திலேயே இன்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். நானும் வீட்டில் சொல்கிறவள்தான். 1990 இல் மின்சாரம் போனது. மண்ணெண்ணெய் கிடைக்கிற விலையில் கிடைக்கவில்லை. போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, கொஞ்ச எண்ணெய் விட்டு, திரியைப் பக்குவமாக எரித்தோம். வானொலி கேட்க அண்ணா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றுவார், செய்தி முடியுமுன் அவருக்கு மூச்சு வாங்கும். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கதையைச் சொல்ல இங்கே வந்திருப்பவர்கள் அந்த விளக்கு ஒருவாறு வெளிச்சம் கொடுத்தவர்கள். அதே விளக்கில் படித்தும் கரைசேராதவர்கள் நூற்றாண்டு விழாவுக்கு வருவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 1967 இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இருவர் நாய்களைக் கொண்டு செய்த ஆய்வு உளவியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். தலையால் ஒரு பலகையைத் தட்டி மின்னதிர்ச்சியை நிறுத்தக்கூடிய நாய்கள் ஒரு பக்கம். என்ன செய்தாலும் நிறுத்த முடியாத நாய்கள் மற்றப் பக்கம். இரண்டுக்கும் கிடைத்த அதிர்ச்சியின் அளவு ஒன்றே. பிறகு, ஒரு சிறு தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற இடத்தில் விட்டபோது, முதல் வகை நாய்கள் தாண்டின. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை படுத்துவிட்டன. “என்ன செய்தும் பயனில்லை” என்பதை அவை கற்றுக்கொண்டன என்று அப்போது விளக்கினார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016 இல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தாங்களே தலைகீழாக்கினார்கள். நீண்ட துன்பத்தின் முன் ஒடுங்கிப்போவது மூளையின் இயல்பான பதில், அதை யாரும் கற்கத் தேவையில்லை. கற்கவேண்டியது மற்றது: நான் செய்வதால் ஏதோ மாறுகிறது என்பது. அதை ஒரு தடவை கண்டுகொண்ட மூளையில், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி அந்த ஒடுக்கத்தை அடக்கிவைக்கிறது. தாங்கள் பிழையாக விளக்கினோம் என்று ஐம்பது ஆண்டுக்குப் பிறகு எழுதுகிற துணிச்சலுக்காகவே எனக்கு அந்த இருவரையும் பிடிக்கும்.

எங்களுக்கு அந்தக் காலத்தில் பொம்பரையோ ஷெல்லையோ நிறுத்த முடியவில்லை. எண்ணெய் விலையைக் குறைக்க முடியவில்லை. ஆனால் எங்கள் கணித ஆசிரியை வியாழக்கிழமை வாங்கிய கொப்பியைத் திங்கட்கிழமை திருப்பித் தருவார். தாள் தட்டுப்பாட்டில் விளிம்பு வரை எழுதிய கொப்பி. எந்த வரியில் பிழைத்தது என்று சிவப்பில் ஒரு சிறு புள்ளி வைத்திருப்பார். அந்த வரியைத் திருத்தினால் விடை வரும். உலகத்தில் எதுவும் எங்கள் கையில் இல்லாத நாட்களில் அது ஒன்று எங்கள் கையில் இருந்தது. எங்களை உந்தியது வறுமை என்று நான் நம்பவில்லை. வறுமை யாரையும் உந்துவதில்லை. அந்தச் சிவப்புப் புள்ளி உந்தியது.

இனிப் பரிசுக்கு வருகிறேன். நூற்றாண்டு நிதியின் பெரும்பகுதியைச் சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுக்கும் பிள்ளைகளுக்குப் பணப்பரிசாகக் கொடுக்க ஒரு பிரேரணை இருக்கிறது. நல்ல மனத்தோடு வைத்த பிரேரணை. வெளிநாட்டில் இருக்கிற அக்காமார் பலர் அதற்கென்றே பணம் அனுப்பியிருக்கிறார்கள். அதை மாற்றும்படி கேட்கத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

1973 இல் மார்க் லெப்பரும் இரு தோழர்களும் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் படம் கீறுவதில் விருப்பமுள்ள பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு, “படம் கீறினால் பொன் நட்சத்திரமும் நாடாவும் வைத்த சான்றிதழ் தருவோம்” என்று முதலிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல், கீறி முடித்தபின் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதியினருக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் ஒன்றும் சொல்லாமல் வண்ணப் பேனைகளை மேசையில் வைத்துவிட்டு ஒளிந்திருந்து பார்த்தார்கள். சான்றிதழுக்காகக் கீறிய பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ அரைவாசி நேரமே கீறினார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு இந்தக் குறைவு இல்லை. ஆகவே பரிசு என்றாலே நஞ்சு என்று சொல்ல வரவில்லை. விருப்பமில்லாத வேலைக்குப் பரிசு உதவும். ஏற்கெனவே விரும்பிச் செய்கிற வேலைக்கு விலை பேசினால்தான் விருப்பம் கெடுகிறது.

பணப்பரிசுக்கும் சோதனை நடந்திருக்கிறது. பொருளியலாளர் ரோலண்ட் ஃபிரையர் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், நியூயோர்க்கில் சோதனைப் புள்ளிகளுக்கும் சிக்காகோவில் பாடத் தரங்களுக்கும் பிள்ளைகளுக்கு உண்மையாகவே பணம் கொடுத்தார்கள். இரண்டு நகரிலும் பொதுப் பரீட்சைப் பெறுபேறு உயரவில்லை. பிள்ளைகளுக்குப் பணத்தில் ஆசை இல்லாமல் அல்ல. இன்னும் கூடுதலாகப் பெற என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது, வினாத்தாளைக் கவனமாக வாசிக்கவேண்டும் என்பது போன்ற பரீட்சை உத்திகளைச் சொன்னார்களே தவிர, விளங்காத பாடத்தை ஆசிரியரிடம் கேட்பது போன்றவை அவர்கள் வாயில் வரவில்லை. பரிசு தெரிந்தது, பாதை தெரியவில்லை. டலஸில் புள்ளிக்குப் பதிலாக, வாசித்த புத்தகம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு டொலர் கொடுத்தார்கள். அதாவது பிள்ளையால் இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்றுக்கு. அது ஓரளவு நம்பிக்கை தருவதாக இருந்தது. இதை வாசித்துவிட்டு நானும் என் மகளுக்குப் புத்தகத்துக்கு இருபது ரூபா அறிவித்தேன். ஒரு கிழமைக்குள் வீட்டிலிருந்த மிக மெல்லிய புத்தகங்கள் எல்லாம் வாசித்து முடிந்தன. டலஸில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் கணினியில் வினா வைத்துச் சோதித்தார்கள் என்பதை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

ஒன்பது ஏ எடுக்கிற பிள்ளைக்குக் கேடயம் கொடுப்போம், கைதட்டுவோம். அவளுக்கு முயற்சியின் பலன் ஏற்கெனவே தெரியும். எங்கள் பணத்தை மூன்றாம் வாங்குக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன். பத்தாம், பதினோராம் ஆண்டுகளில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் எழுதிய கொப்பி ஒரு கிழமைக்குள் சிவப்புப் புள்ளியோடு திரும்பி வர, ஓய்வுபெற்ற ஆசிரியைகளையும் வேலை கிடைக்காத பட்டதாரித் தங்கைமாரையும் ஒரு சிறு கொடுப்பனவோடு அமர்த்தலாம். முன்வரிசையில் இருப்பவர்களில் நான்கு பேரிடம் நான் ஏற்கெனவே கேட்டுவிட்டேன், மூன்று பேர் ஓம் என்றுவிட்டார்கள். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைக்கு முதல் மணிக்கு முன் ஒரு நேரச் சாப்பாடு, பெயர் கேட்காமல். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வருகிற நாளில், வகுப்பில் நித்திரை கொள்கிற பிள்ளைகளையும் அவர்களிடம் காட்டுவதற்கு ஒரு ஒழுங்கு. பரிசோதனைச் செலவு வந்தால் அதை நான் ஏற்கிறேன். கணக்குப் போட்டுச் செயற்குழுவிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் வாக்குக்கு வருகிறது. எதிர்த்து வாக்களிப்பவர்களோடு தேநீர் நேரத்தில் பேச ஆயத்தமாக இருக்கிறேன்.

மலர்க்குழுவினருக்கு ஒரு வார்த்தை. எங்கள் வகுப்பின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்தபோது, இங்கே சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றியவர்களின் பதிவிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். அதில் அவளுடைய பெயர் இல்லை. நான் கையால் எழுதிச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன், இந்தத் தடவை கரும்பலகையில் அல்ல. “தற்போதைய முகவரி” என்ற இடத்தில் ஒரு கோடு இருக்கிறது. அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தவர்கள், அச்சுக்குப் போக முன்னர் என்னிடம் சொல்லுங்கள்.